"சாரி சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள்

குழந்தைகள் சண்டை போட்டால் நாம் ஓடிப்போய்ச் செய்கிற முதல் காரியம், ஒருத்தன் தோளைப் பிடித்து "சாரி சொல்லு" என்பதுதான். அவன் தரையைப் பார்த்து முனகுவான். "கேட்கல, சத்தமா சொல்லு." சொல்வான். "ம், கை குடு." பெரியவர்களுக்கு வேலை முடிந்தது. அடித்தவனுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது, அடி வாங்கியவனுக்கு இப்போது என்ன வேண்டும், இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கட்டாய மன்னிப்பை நாம் கைவிட வேண்டும். பிள்ளைகளிடம் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறதே! காய் விடுவார்கள். கோபம் தணியும்வரை பேச மாட்டார்கள். நடுவில் ஒரு கூட்டாளி தூது போவான். "அவன் முதல்ல பழம் விடட்டும்" என்று பேரம் நடக்கும். அப்புறம் எப்படியோ பழம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். கோபத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பது, இறங்கி வருவது, இன்னொருவன் இறங்கி வர இடம் கொடுப்பது எல்லாம் அங்கேதான் பழகுகிறது. பத்து நொடியில் "சாரி" வாங்கிக் கொடுத்தால் இதற்கெல்லாம் ஏது நேரம்?

எங்கள் தெருவில் ஒரு பையன் கிரிக்கெட் ஆட வரும்போது தங்கையையும் கூட்டி வருவான். நாலு வயசு இருக்கும். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பந்தை மெதுவாக உருட்டிவிடுவார்கள், அவுட் ஆனாலும் அவுட் கிடையாது. ஒருநாள் ஒருத்தன் முறைத்துக்கொண்டு, "அப்ப அவ அடிக்கிற ரன் கணக்குல வராது" என்றான். இரண்டு அணியும் யோசித்து, சரி என்றது. அவளும் மட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடினாள். எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு விதியை அவர்களே பேசி முடித்தார்கள்.

பள்ளிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2,70,000-க்கு மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தது. உணர்வுகளைக் கையாளவும் மற்றவரோடு பழகவும் சொல்லிக்கொடுத்த இடங்களில் பிள்ளைகளின் நடத்தை மேம்பட்டது, படிப்பும் கூடவே உயர்ந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: பள்ளியின் சொந்த ஆசிரியர்களே நடத்தியபோதுதான் படிப்பில் அந்த உயர்வு தெரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்துக் கைதட்டல் வாங்குவதை நம்பி இருக்க முடியாது. தினமும் முகம் பார்க்கிற டீச்சர், "ஏன்டா இன்னிக்கு ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு என்றாலும்தான்.

ஆனால் எல்லாச் சண்டையையும் அவர்களிடமே விட்டுவிடக் கூடாது. சமபலம் உள்ள இரண்டு பேர் மோதுவது வேறு, ஒரே பிள்ளையை நாலு பேர் சேர்ந்து தினமும் சீண்டுவது வேறு. சாதி, நிறம், உடம்பைச் சொல்லிக் கேலி செய்தால் அந்த இடத்திலேயே பெரியவர்கள் நுழைய வேண்டும். "நீயும் ஏதாவது செஞ்சிருப்ப" என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். முழுசாகக் கேளுங்கள், பள்ளியில் போய்ப் பேசுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் வழி கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 இருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.