சாக்கெட் ஒன்றுதான், ஆனால்
நேற்று சாயங்காலம் முழுக்க வீணாய்ப் போனது. யாங்கோனில் காளியம்மன் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. என் கம்ப்யூட்டரில் 2017-இல் வாங்கிய பி350 மதர்போர்டு, அதில் ரைசன் 5 1600 பிராசசர். பிராசசர் உட்காரும் இடம் அதே ஏஎம்4 சாக்கெட்தான், புதிய ரைசன் 5 5600 அப்படியே உட்காரும் என்றார் கடைக்காரர், நம்பி வாங்கி வந்தேன். உட்கார்ந்தது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. போர்டில் இருக்கும் பயாஸுக்கு, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு, அந்தப் பிராசசரை அடையாளம் தெரிய வேண்டாமா? பி350 மாதிரியான 300 வரிசை போர்டுகளில் 5600 சேர்ந்த 5000 வரிசைக்கு அதிகாரபூர்வ ஆதரவே 2022-இல்தான் வந்தது, அந்த ஆதரவுள்ள புதிய பயாஸை ஏற்ற எனக்குப் பழைய பிராசசரையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. இதைக் கடையிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

பழையதோ, கூலரைத் தூக்கும்போதே நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து, அதில் ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது, ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன, பிளேடு முனையால் மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினேன். அப்புறம் கரண்ட். பயாஸ் ஏறும்போது பாதியில் போனால் போர்டு அவ்வளவுதான், எங்கள் தெருவில் அது எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு அண்ணனின் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்து, திரையையே பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஏறிவிட்டது. சரி, இப்போது மறுபடி கழற்றிப் புதியதைப் போட வேண்டும், பேஸ்ட் தீர்ந்துவிட்டது.