தார்ப்பாய் போட்டால் சரியாகிவிடுமா?

பக்கத்து மனையில் அந்தக் கார் நின்றுபோய் 3 வருடம் ஆகிறது. நம்பர் பிளேட் இல்லை. பதிவு எப்போதோ காலாவதி. கார்க்காரரைக் கேட்டால் "சரிபண்ணி ஓட்டப்போறேன்" என்கிறார். எப்போது? பானெட்டுக்குள் எலிகள் பல தலைமுறை பார்த்துவிட்டன!

மழை பெய்தால் கழற்றிப் போட்ட டயர்களில் தண்ணீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. பேட்டரியில் ஈயமும் அமிலமும். ரேடியேட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். இதையெல்லாம் யார் பார்ப்பது?

புகார் கொடுத்தேன். தெருவில் நின்றால் நோட்டீஸ் ஒட்டித் தூக்கிவிடலாம், இது தனியார் இடமாச்சே என்று அதிகாரிகள் இழுத்தார்கள். அப்புறம் ஒருவழியாக நோட்டீஸ் வந்தது. மறுநாளே கார் மேல் ஒரு தார்ப்பாய். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும், விதி நிறைவேறிவிட்டதாம்! மூடி வைத்தால் எண்ணெய் ஒழுகாதா? கொசு பிறக்காதா? நேற்றுப் பெய்த மழையில் அந்தத் தார்ப்பாய்க் குழியிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது.