வலையைத் தூக்குவது சரிதான், அப்புறம்?

அடுத்தவன் கடலில் விரித்த வலையைத் தூக்கிக்கொண்டு போவது திருட்டு இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவைப் பொறுத்தவரை என் பதில்: இல்லை. அங்கே தூக்கத்தான் வேண்டும்.

வக்கீட்டா என்று ஒரு சின்னக் கடற்பன்றி. நம் ஓங்கிலுக்குத் தூரத்துச் சொந்தம், நீளம் ஒன்றரை மீட்டர்தான். அந்த வளைகுடாவின் வடக்கு மூலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1997-இல் சுமார் 570 இருந்தன. 2016-இல் ஏறக்குறைய 30. இதை யாரும் பிடிக்க நினைக்கவில்லை என்பதுதான் கொடுமை. வலை டோட்டோவாபா மீனுக்கு. அதன் நெட்டிக்கு, அதாவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு, சீனாவில் கொள்ளை விலை. (பாம்பன் பக்கம் கூறல் மீன் சிக்கினால் நெட்டிக்காக ஏலம் சூடுபிடிக்குமே, அதே குடும்பத்து மீன்தான்.) டோட்டோவாபா பிடிக்க 1975-லிருந்தே தடை. இருந்தும் இரவோடு இரவாகச் செவுள் வலை (தண்ணீருக்குள் சுவர்போல நின்று, மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலை) இறங்குகிறது. அதில் மாட்டும் வக்கீட்டா மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது.

2015-இலிருந்து சீ ஷெப்பர்ட் என்ற கடலுயிர்ப் பாதுகாப்பு அமைப்பினர் கப்பலோடு வந்து இந்த வலைகளைத் தேடித் தேடித் தூக்கினார்கள். படகுகள் சூழ்ந்து கல்லெறிந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அவர்கள் கப்பலும் ஒரு மீன்பிடிப் படகும் மோதின, படகில் இருந்த ஒரு மீனவர் இறந்துபோனார். தப்பு யாருடையது என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்கின்றன. அந்த வளைகுடாக் கரையில் உள்ள சான் ஃபெலிப்பே என்ற மீனவர் ஊரே கொதித்துப்போனது.

எனக்கு இடிப்பது இங்கேதான். அந்த ஊரில் எல்லோரும் கடத்தல்காரர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் இறாலுக்குப் போகிறவர்கள். 2015-இல் செவுள் வலைக்குத் தடை போட்ட அரசு இழப்பீடும் அறிவித்தது. ஆனால் பணம் உரிமம் வைத்திருந்தவர்களுக்குப் போனது. படகில் கூலிக்குப் போனவன் கைக்கு வந்தது சொற்பம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. வக்கீட்டா சாகாத மாற்று வலைகளைச் சோதித்துப் பார்த்தார்கள், ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. பசியில் இருக்கிறவனிடம் கப்பலில் வந்த வெளிநாட்டுக்காரர் கடலைப் பற்றிப் பாடம் எடுத்தால் அவன் கல்லைத்தான் எடுப்பான். கல்லெறிந்ததை நியாயப்படுத்தவில்லை, ஆனால் புரிகிறது.

2022-இல் மெக்சிகோ கடற்படை ஒரு வேலை செய்தது. வக்கீட்டா அதிகம் திரியும் இடத்தில் கொக்கி பொருத்திய 193 கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கியது. வலை விரித்தால் கொக்கியில் சிக்கிக் கிழியும். அபராதத்துக்குப் பயப்படாதவனும் வலை போய்விடும் என்றால் யோசிப்பான் இல்லையா? அந்தப் பகுதிக்குள் வலை விழுவது வெகுவாகக் குறைந்தது. கிழிந்த வலை கொக்கியிலேயே தங்கிவிட்டால் அதுவே ஆளில்லாமல் உயிர்களைக் கொல்லும் பேய் வலை ஆகிவிடும் என்ற பயமும் உண்டு, அதனால் கட்டைகளைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2024 கணக்கெடுப்பில் தென்பட்டவை 6 முதல் 8. 2025-இல் 7 முதல் 10, அதில் குட்டிகளும் இருந்தன. இத்தனை குறைந்த பிறகும் குட்டி போடுகின்றன என்றால், வலையைத் தூக்கியவர்கள் வாங்கிக் கொடுத்த அவகாசம் வீண்போகவில்லை. அந்த அவகாசத்தில் கரையில் யாரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதுதான் என் கோபம். கப்பலுக்கு நன்கொடை கொடுங்கள், தப்பில்லை. செவுள் வலை இல்லாமல் பிடித்த இறாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் யாராவது முன்வரட்டும். நெட்டி வாங்குகிறவனையும் ஒருநாள் பிடியுங்கள்.