இயக்குநர்கள் பேட்டி தரத் தடை உண்டா?

"தயாரிப்பாளர்கள் தடை போடுவதால்தான் இயக்குநர்கள் ஊடகங்களில் பேசுவதில்லை, நடிகர்களே படத்தை விளம்பரப்படுத்துகிறார்கள்" என்ற கருத்து இங்கே பலரால் பகிரப்பட்டுள்ளது. அப்படிப் பொதுவான தடை எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன். 2023 அக்டோபர் 19 அன்று வெளியான 'லியோ'வையே எடுத்துக்கொள்ளலாம்: நேரு உள்விளையாட்டு அரங்கில் நடக்கவிருந்த இசை வெளியீட்டு விழா ரத்தான பிறகு, வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில் யூடியூப் சேனல்களுக்கு அடுத்தடுத்துப் பேட்டியளித்தவர் இயக்குநர் லோகேஷ் கனகராஜ்தான்.

நடிகர்கள் அதிகம் தென்படுவதற்கு முதல் காரணம், மக்களுக்குத் தெரிந்த முகம் அவர்களுடையது என்பதே. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பலரும் கவனிக்காதது நேரக் கணக்கு. டப்பிங் பேசி முடித்ததும் நடிகரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இயக்குநரோ கிராஃபிக்ஸ், டி.ஐ. (படத்தின் நிறங்களைச் சீராக்கும் வேலை), ஒலி மிக்ஸிங், தணிக்கை என்று வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்களில் கடைசி வாரம்வரை அடைந்து கிடக்க நேர்கிறது.

இதை யாரும் சரிபார்க்கலாம். திரையரங்கில் படம் தொடங்குமுன் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதியைப் பாருங்கள். பல படங்களுக்கு அது வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்புதான் இருக்கும். பிறகு அதே படத்தின் பெயரையும் இயக்குநர் பெயரையும் யூடியூபில் தேடி, பேட்டிகள் பதிவேறிய தேதிகளை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.