ரிவால்வருக்கும் களம் இருக்கிறது

அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிகளில் ரிவால்வருக்கு இனி வேலையில்லை என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் ஒரேயடியாக முடித்துவிட்டார். ஓடியபடி சுடும் போட்டிகளை நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பின், 32 குண்டு வரை கேட்கும் களங்களைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ரிவால்வரில் சில தோட்டாக்களே பிடிக்கும் என்பதால், ஓடுவதைவிட மீண்டும் மீண்டும் நிரப்புவதற்கே நேரம் போய்விடும். ஆனால் ஸ்டீல் சேலஞ்ச் என்ற போட்டியை ஏன் விட்டார்? அங்கே ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியது ஐந்தே இரும்புத் தகடுகள். ரிவால்வரின் தோட்டா உருளையிலோ பொதுவாக ஆறு தோட்டா. ஒன்று குறி தப்பினாலும் ஆறாவது கைகொடுக்கும். குறிப்பிட்ட ஒரு தகட்டைக் கடைசியாக அடிக்க வேண்டும். அவசரத்தில் அதை முந்தி அடித்துவிட்டால், மீதமுள்ளவை குறி தப்பியவையாகவே கணக்கிடப்படும். ரிவால்வர் பிரியர்களுக்கென்றே 1991-இல் தொடங்கிய ஐகோர் அமைப்பின் போட்டிகளையும் அவர் குறிப்பிடவில்லை. பழைய அமெரிக்க மேற்குப் பகுதியின் பாணியில் நடக்கும் கௌபாய் போட்டிகளில் ரிவால்வர் இல்லாமல் களமிறங்கவே முடியாது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலுக்குக் கீழுள்ள உருளை அறையைக் காலியாக விட வேண்டும் என்பதால், அங்கே ஐந்து தோட்டாதான்.