காணாமல் போன நாடுகளை ஆல்பத்தில் எங்கே வைப்பது?

ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் இரண்டு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்துவிடும். யூகோஸ்லாவியாவைத் தனியாக வைப்பதா, செர்பியாவோடு சேர்ப்பதா? கிழக்கு ஜெர்மனி ஜெர்மனிக்குள் வருமா வராதா? இதில் ஒரு கட்சி, "எல்லாவற்றையும் இன்றைய உலக வரைபடப்படி அடுக்கிவிடு, தேடுவதற்குச் சுலபம்" என்று சொல்லும். அந்தக் கட்சிக்கு எதிராகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரைபடம் மாறும்போதெல்லாம் ஆல்பத்தைப் பிரித்து அடுக்க வேண்டும் என்பது சின்னத் தொல்லை, போகட்டும். பெரிய தொல்லை, ஆல்பம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். டான்சிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1920 முதல் 1939 வரை தனி நகர அரசாக இருந்து, தன் பெயரில் ஸ்டாம்ப் வெளியிட்ட ஊர். இன்று அதன் பெயர் க்தான்ஸ்க், இருப்பது போலந்தில். ஆனால் அந்தக் காலத்திலேயே போலந்து அஞ்சல்துறை அங்கே துறைமுகத்தில் தனி அலுவலகம் வைத்து, தன் சொந்த ஸ்டாம்ப்களின் மேல் 'போர்ட் க்தான்ஸ்க்' என்று ஓவர்பிரிண்ட் செய்து, அதாவது ஏற்கெனவே அச்சான ஸ்டாம்ப் மேல் புது எழுத்து அடித்து, விற்றுக்கொண்டிருந்தது. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு அஞ்சல்துறை, இரண்டு மொழி. இன்றைய வரைபடத்தை நம்பி இரண்டையும் போலந்து பக்கத்தில் ஒட்டினால், அங்கே ஒரு தகராறு நடந்த தடமே இருக்காது. அந்தத் தகராறுக்காகத்தானே அந்த ஸ்டாம்ப்பையே சேர்க்கிறோம்?

என் விதி ஒன்றே ஒன்று. இந்த ஸ்டாம்ப்பை விற்ற காசு எந்த அஞ்சல்துறையின் கல்லாவுக்குப் போனது? அந்தத் துறைக்கு ஒரு பிரிவு. கொடி இருந்ததா, மற்ற நாடுகள் அங்கீகரித்தனவா, இன்று இருக்கிறதா என்பதெல்லாம் எனக்குக் கவலை இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் உடனே தீர்ந்துவிடும். சிலோன் 1972ல் இலங்கைக் குடியரசு ஆனது, அப்பர் வோல்டா 1984ல் புர்கினா ஃபாசோ ஆனது. பெயர்தான் மாறியது, அதே அஞ்சல்துறை, அதே கவுன்டர். ஒரே பிரிவு, நடுவில் ஒரு தலைப்புத்தாள் போதும். கோல்ட் கோஸ்ட் 1957ல் கானா ஆனதையும் நான் இப்படித்தான் வைக்கிறேன். விடுதலைக்குப் புதுப் பக்கம் உண்டு, புதுப் பிரிவு கிடையாது. இதற்குக் கோபித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும்.

கூட்டாட்சிகளில்தான் விதி உண்மையில் வேலை செய்கிறது. ரொடீசியா நியாசாலாந்து கூட்டாட்சி 1954 முதல் 1963 வரை ஸ்டாம்ப் வெளியிட்டது. அந்தக் காலத்தில் தெற்கு ரொடீசியா, வடக்கு ரொடீசியா, நியாசாலாந்து மூன்றும் தனி வெளியீட்டை நிறுத்திவிட்டன. ஆக அது நாலாவது பிரிவு. இன்றைய ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி மூன்றில் எதற்குள்ளும் அதைத் திணிக்க முடியாது. 1958ல் எகிப்தும் சிரியாவும் சேர்ந்து ஐக்கிய அரபுக் குடியரசு ஆனபோது நடந்தது வேறு. பெயர் ஒன்றானது, பணம் ஒன்றாகவில்லை. எகிப்துக்கு மில்லீம் கணக்கில், சிரியாவுக்குப் பியாஸ்டர் கணக்கில் தனித்தனி வெளியீடுகள். இரண்டு கல்லா, எனவே மூன்றாவது பிரிவு தேவையில்லை. 1961ல் சிரியா விலகிய பிறகும் எகிப்து 1971 வரை அதே பெயரை விடாமல் வைத்திருந்தது என்பதைப் பார்த்தால், பெயரை நம்பி அடுக்குபவர்கள் படும் பாடு புரியும்.

போஸ்னியா இன்னும் வேடிக்கை. இன்றைக்கு ஒரு நாடு, ஆனால் சரயேவோ, மோஸ்தர், பான்யா லூகா என்று மூன்று இடங்களிலிருந்து மூன்று அஞ்சல் நிர்வாகங்கள் தனித்தனியாக ஸ்டாம்ப் வெளியிடுகின்றன. என் ஆல்பத்தில் அதற்கு மூன்று பிரிவு. நாடே இல்லாத ஐ.நா. சபைக்கும் பிரிவு உண்டு, 1951லிருந்து வெளியிடுகிறதே. மேற்கு பெர்லினும் அப்படித்தான். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949ல் இணைந்து கொஞ்ச காலமே ஸ்டாம்ப் வெளியிட்ட கூட்டு மாநிலத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம்தான், நிரம்பவும் இல்லை.

அப்புறம் ஓவர்பிரிண்ட். இதில் நான் பிடிவாதக்காரன். அடியில் யார் படம் இருந்தாலும் சரி, மேலே அச்சடித்தவர் யாரோ ஸ்டாம்ப் அவருடையது. ஹவாயில் 1893 ஜனவரியில் ராணி லிலியுஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். புது அரசிடம் புது ஸ்டாம்ப் இல்லை, கையில் இருந்ததெல்லாம் பழைய ராஜா ராணி படம் போட்டவை. அதன் மேலேயே 'தற்காலிக அரசு 1893' என்று ஆங்கிலத்தில் மூன்று வரியில் அடித்து விற்றார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ராணியின் முகம் அப்படியே இருக்கும், அதன் குறுக்கே அந்த எழுத்து ஓடும். இதை அமெரிக்கப் பக்கத்தில் வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ! 1900 வரை ஹவாய் அஞ்சல்துறை தனியாக நடந்தது, 1900ல்தான் கல்லா மூடியது. என் ஆல்பத்தில் ஹவாய் அங்கே முடிகிறது.

பங்களாதேஷ் 1971 ஜூலை 29ம் தேதியே, போர் முடிவதற்கு முன்பே, எட்டு ஸ்டாம்ப் வெளியிட்டுவிட்டது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் டிசம்பருக்குப் பிறகு. பல அஞ்சலகங்களில் பாகிஸ்தான் ஸ்டாம்ப் மேல் அவரவர் ரப்பர் முத்திரையால் 'பங்களா தேஷ்' என்று குத்தி விற்றார்கள். ரப்பர் முத்திரையை யாரும் செய்துகொள்ளலாம் என்பதால் போலிகளும் குவிந்தன. நிஜமாகவே தபாலில் போன கவரில், தெளிவான தேதி முத்திரையோடு இருந்தால் பிரிவின் முன்பக்கம். மற்றதெல்லாம் பின்பக்கம், பென்சிலில் ஒரு கேள்விக்குறியோடு.

கிழக்கு ஜெர்மனியின் கடைசி மூன்று மாதத்தையும் சொல்ல வேண்டும். 1990 ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் பணமான மார்க் அங்கேயும் வந்துவிட்டது. ஸ்டாம்ப்பில் கிழக்கு ஜெர்மனியின் பெயர்ச் சுருக்கமான 'டி.டி.ஆர்.' போய் வெறும் 'டாய்ச்ச போஸ்ட்' (ஜெர்மன் அஞ்சல்) வந்தது. பணத்தைப் பார்த்து ஏமாந்து இவற்றை மேற்கு ஜெர்மனியில் வைத்திருக்கிறவர்கள் ஏராளம். அக்டோபர் 3 வரை கிழக்கு அஞ்சல்துறை உயிரோடு இருந்தது, அந்த ஸ்டாம்ப்களும் அதனுடையவை.

விதி தடுமாறும் இடமும் உண்டு, லாட்வியா. 1918 டிசம்பரில் முதல் ஸ்டாம்ப். காகிதம் கிடைக்கவில்லை, ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன வரைபடங்களின் பின்புறத்தில் அச்சடித்தார்கள். முன்னால் சிவப்பில் சூரியனும் தானியக் கதிரும். திருப்பினால் பாதிச் சாலை, அறுந்துபோன ஓர் ஊர்ப் பெயர். தயவுசெய்து இதற்கு ஹிஞ்ச் (ஸ்டாம்ப்பின் பின்னால் ஒட்டும் சின்னக் காகிதத் துண்டு) போடாதீர்கள், பின்புறம்தான் அதன் அழகே. இரு பக்கமும் தெரிகிற மவுண்ட், அதாவது ஸ்டாம்ப்பை ஒட்டாமல் செருகி வைக்கும் கண்ணாடித்தாள் உறை, வாங்குங்கள். 1940ல் சோவியத்துக்குள் போய், 1991ல் மீண்டும் லாட்வியா. கண்டிப்பாகப் பார்த்தால் நடுவில் அறுந்த இரண்டு வேறு துறைகள். ஆனால் தாங்கள் அதே குடியரசுதான் என்பது அவர்கள் நிலைப்பாடு, அதை மறுக்க நான் யார்? அதனால் லாட்வியாவுக்கு ஒரே பிரிவு, நடுவில் ஒரு வெற்றுத்தாள்; எஸ்டோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் தனித்தனியாக இதே ஏற்பாடு.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் கட்டம் கட்டமாகப் படம் அச்சிட்டு வரும் ஆல்பத்தை விட்டுவிட்டு, வளையம் வைத்த பைண்டருக்கும் வெற்றுத்தாளுக்கும் மாற வேண்டும். அச்சிட்ட ஆல்பத்தில், அதைத் தயாரித்தவர் எந்த வருட உலகத்தை நினைத்தாரோ அதில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். தேடுவது கஷ்டம் என்கிற புகாருக்கு, பைண்டரின் முன்னால் இன்றைய நாட்டுப் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை போதும். ஜாம்பியா என்று பார்த்தால் எந்தெந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். வரைபடம் மாறினால் அந்த ஒரு தாளை மாற்றினால் முடிந்தது.

1992 வாக்கில் பழைய சோவியத் ஸ்டாம்ப்களின் மேல் ஏதேதோ ஊர், மாகாணப் பெயர் அடித்துச் சந்தையில் கொட்டினார்களே, அதை எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள். உக்ரைன் போன்ற இடங்களில் அஞ்சலகங்களே அடித்தவை உண்டு, அவற்றுக்குப் பக்கம் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் எந்தக் கவுன்டரிலும் விற்காதவை, சேகரிப்பாளர் பையைக் குறிவைத்து அடித்தவை. கல்லாவே இல்லாததற்குப் பிரிவு எப்படிப் போடுவது? ஒரு பழைய கவரில் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் மாற்றுகூட வாங்காமல் கொடுத்துவிடுவேன்.