குரும்பையை எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும்

2025 ஆடி மாதத்தில் ஒரு நாள். பல வருடமாக எங்கள் செக்கில் தேங்காய் எண்ணெய் வாங்கும் அம்மா ஒருவர் போசியோடு வந்தார். லிட்டர் விலையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அரை லிட்டர் போதுங்க தம்பி" என்றார். கிளம்பும்போது, "எவனாச்சும் பதுக்கி வச்சிருக்கானுங்களா?" என்று கேட்டார். கடையில் கூட்டம் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாரங்களில் கொப்பரை, அதாவது காயவைத்த தேங்காய்ப் பருப்பு, கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் ஒன்றரை கிலோ கொப்பரை வேண்டும். நல்ல காயாக இருந்தால் பத்துக் காயில் அது கிடைத்துவிடும். வறட்சியில் காய்த்த காய் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிறது. பருப்பு மெலிந்திருக்கும், காயப்போட்டால் இன்னும் சுருங்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். கொப்பரைக்கே 300 ரூபாய் ஆகும்போது, ஒரு லிட்டர் சுத்தமான தேங்காய் எண்ணெய் 250 ரூபாய் என்று யாராவது விற்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. தலைக்குத் தேய்க்கவும் குழந்தைக்குப் பூசவும் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, காய் ஏன் குறைந்தது?

தென்னை மற்ற பயிர் மாதிரி இல்லை. பாளை என்கிற பூங்கொத்து வெடித்து, காய் முற்றிக் கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம். அந்தப் பாளையின் கரு குருத்துக்குள் உருவாவது, பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே. ஆக, இன்று களத்தில் உடைத்துக் காயப்போடும் தேங்காய்க்கு மரம் மூன்றரை வருடத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு கோடையில் மரம் தண்ணீர் இல்லாமல் வாடினால் உடனே குரும்பை, அதாவது தேங்காய்ப் பிஞ்சு, கொட்டும். அதோடு முடியாது. அடுத்த வருடம் குலையில் காய் குறையும். அதற்கடுத்த வருடமும் பாளை சிறுத்துத்தான் வரும்.

2023-ல் தென்மேற்குப் பருவமழை மேற்கு மாவட்டங்களில் சரியாகப் பெய்யவில்லை. 2024 கோடையில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினார்கள். அதை நான் நேரில் பார்த்தேன். போர்வெல்லில் காற்று மட்டும் வந்த தோப்புகளில் மட்டைகள் தொங்கி, மரம் குடையை மடக்கி வைத்தது மாதிரி நின்றது. 2025-ல் காய் இருக்காது என்பதை அந்தத் தோப்புக்காரர்கள் அன்றைக்கே சொன்னார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் தெரிகிற விஷயம்.

வறட்சிக்கு முன்பே மரங்கள் பலவீனமாகத்தான் இருந்தன. சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சியில்தான். ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது வடிக்கிற தேன் போன்ற திரவத்தில் கரும்பூசணம் படர்ந்து ஓலையே கரி பூசினது மாதிரி ஆகிவிடும். அதைவிடக் கொடுமை கேரளா வாடல் நோய். மலைக்கு அந்தப் பக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தது. கம்பம், செங்கோட்டை, பொள்ளாச்சி என்று இந்தப் பக்கமும் வந்துவிட்டது. கீற்றுகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு மாதிரி தெரியும். மரம் உடனே சாகாது, காய்ப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும். குணப்படுத்த மருந்து இல்லை. 30 வருட மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

காசு இல்லாத கதையையும் சொல்ல வேண்டும். 2023-ல் எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தையில் அதைவிட நன்றாகக் கீழேதான் போனது. ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். அன்று கடையில் எண்ணெய் மலிவாக இருந்தது. நாம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காய் பறிக்கிற கூலிக்கே கட்டாத நிலையில் உரம் யார் வைப்பார்கள்? உரம் வைக்காத மரத்தின் மேல் வறட்சி வந்து விழுந்தது. விலை ஏறிய பிறகு, இருந்த காயிலும் ஒரு பங்கு இளநீராகவே லாரி ஏறி வட மாநிலங்களுக்குப் போனது. உடனே காசு கிடைக்கிறபோது விவசாயி ஏன் காய் முற்றும்வரை காத்திருக்க வேண்டும்? அவர் மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. வெளிநாட்டிலிருந்தும் சந்தைக்கு ஆறுதல் வரவில்லை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதே வறட்சி. பிலிப்பைன்ஸ் 2024 அக்டோபரிலிருந்து டீசலில் 3 சதவீதம் தேங்காய் எண்ணெய் எரிபொருளைக் கலக்கச் சொல்லிவிட்டது.

இதில் எனக்கு இருக்கிற கோபம் ஒன்றுதான். இத்தனையும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்பே தெரியக்கூடியது. பெரிய வியாபாரிகள் தோப்புத் தோப்பாக ஆள் அனுப்பிக் குலை பார்த்து வைத்திருக்கிறார்கள். விவசாயிக்குத் தன் தோப்பு மட்டும் தெரியும். என் மாதிரி செக்குக்காரனுக்கு அதுவும் தெரியாது. விலை ஏறப்போகிறது என்று தெரியாமல் இருப்பு வைத்திருந்த காயை முந்தின மாதமே விற்றவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

வேளாண் பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. செய்தித்தாளில் வந்தால் நான் வெட்டி வைத்துக்கொள்வேன். நல்ல வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அதன் அடிப்படை பெரும்பாலும் விற்பனைக் கூடத்தில் பல வருடமாக நிலவிய விலை விவரம். எனக்கு வேண்டியது மரத்தின் விவரம். ஒவ்வொரு வட்டாரத்திலும் சில தோப்புகளைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மரத்தில் எத்தனை பாளை, குலைக்கு எத்தனை குரும்பை நிற்கிறது என்று எண்ணி, ஊராட்சிப் பலகையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் தமிழில் எழுதிப் போட வேண்டும். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. மரம் ஏறுகிறவரும் ஒரு நோட்டும் போதும்.

எள்ளுக்கு இந்த அளவு முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அது எண்பது, தொண்ணூறு நாள் பயிர். டெல்டாவில் சம்பா அறுத்த வயலில் மாசியில் தெளிப்பார்கள். எல்லாம் நன்றாக விளைந்து, அறுத்துக் கட்டுக் கட்டாகப் போர் வைத்திருக்கும் நேரத்தில் இரண்டு நாள் கோடை மழை போதும், எள் கறுத்துவிடும். அந்த எள்ளில் எத்தனை கருப்பட்டி போட்டு ஆட்டினாலும் நல்லெண்ணெய்க்கு அந்த வாசம் வராது. ஆனால் எந்த ஊரில் எவ்வளவு பரப்பு தெளித்திருக்கிறார்கள் என்பதையாவது பங்குனியிலேயே சொல்லலாமே.

வாசனை எண்ணெய்க்குப் போகும் மல்லிகையிலும் இதே இருட்டுதான். மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து பூ ஆயிரக்கணக்கில் விலை போகும்போது ஆலைக்காரர்கள் நிலக்கோட்டைப் பக்கம் வாங்க வரமாட்டார்கள். கோடையில் பூ குவிந்து விலை விழும்போதுதான் அவர்கள் வண்டி வரும். ஒரு கிலோ வாசனைச் சாரத்துக்குப் பல நூறு கிலோ பூ போகிறது. விடிவதற்கு முன்பே எழுந்து மொட்டுப் பறிக்கிற பெண்களுக்கு, அடுத்த வாரம் ஆலை எவ்வளவு எடுக்கும் என்று சொல்ல யாரும் இல்லை.

இந்த மாதத்திலிருந்து நானே தொடங்கியிருக்கிறேன். எனக்குக் காய் கொடுக்கும் ஏழு தோப்புகளில் தோப்புக்குப் பத்து மரம், மொத்தம் எழுபது மரத்தில் சுண்ணாம்பில் நம்பர் போட்டாயிற்று. மரம் ஏறும் அண்ணன் மேலிருந்து எண்ணிச் சொல்லச் சொல்ல நான் கீழே நின்று எழுதிக்கொள்கிறேன். முதல் எண்ணிக்கை முடிந்ததும் இங்கே அப்படியே போடுகிறேன். உங்கள் ஊரில் தோப்பு வைத்திருப்பவர்கள் பத்து மரமாவது எண்ணிச் சொல்லுங்கள், ஊர் பேரோடு சேர்த்து எழுதிக்கொள்கிறேன். அந்த அம்மா அடுத்த முறை போசியோடு வரும்போது, வரும் ஆடிக்கு எண்ணெய் என்ன விலை இருக்கும் என்று ஓரளவாவது சொல்லி அனுப்ப வேண்டும்.